வட்டத்தின் தலையில் ஒரு கையெழுத்து

புஷ்பவல்லியை அடிக்காத கை அந்தத் தோட்டத்தில் அபூர்வம். மலாயாவில் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், ஆற்றை ஒட்டி இருந்த ரப்பர் தோட்டம் அது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் கல்லால் அடித்தார்கள். பெரியவர்கள் விளக்குமாற்றால் அடித்தார்கள். அவள் செய்த குற்றம் இரண்டே இரண்டு. கண் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்பன் காட்டிக்கொடுத்தவன். கண்ணையும் அவள் கேட்டு வாங்கி வரவில்லை, அப்பனையும் கேட்டு வாங்கி வரவில்லை. ஆனால் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரப் பெரிய தொரை மேல் காட்ட முடியாத ஆத்திரம் தோட்டத்தில் மண்டிக் கிடந்ததே, அது இறங்குவதற்கு ஒரு முதுகு வேண்டாமா? அவள் முதுகு வாகாகக் கிடைத்தது.

தோட்டத்தில் எல்லோரும் சொன்ன கதை இதுதான். புஷ்பவல்லி பிறப்பதற்கு முந்திய வருஷம், 1912இல், மாரியாயி என்ற பால்வெட்டுக்காரி பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல், கணக்கெழுதும் கிராணி பூட்ஸ் காலால் வயிற்றில் எட்டி உதைத்தான். மரத்தடியிலேயே அவள் செத்துப்போனாள். கிள்ளான் சர்க்கார் ஆபீசுக்கு மனுக் கொடுப்பது என்று ஆட்கள் கூடி முடிவு செய்தார்கள். பெரிய தொரைக்குக் கீழே வேலை பார்த்த சின்ன தொரை, அயர்லாந்துக்காரன், மனுவைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். அவன் போன அன்றைக்கே பெரிய தொரையின் அடியாட்கள் வந்தார்கள். சங்கோல் மண்வெட்டியின் பிடியைக் கழற்றி, கை கால் பார்க்காமல் ஆட்களை அடித்து நொறுக்கினார்கள். லயத்துக் கதவுகளைப் பெயர்த்து அடுப்பில் போட்டார்கள். சின்ன தொரையை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"மனுவ பெரிய தொரைகிட்ட குடுத்துட்டுக் கப்பலேறிட்டான்யா!" என்று முதலில் சொன்னவர் தண்டல் வேலாயுதம். பால்வெட்டு ஆட்களை மேய்க்கும் தண்டல் சொன்னால் மறுபேச்சு ஏது? சின்ன தொரை பங்களாவில் வைத்திருந்த பவுனம்மாளை லயத்து ஆட்களே மயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பால்வெட்டும் கத்தியால் தலைமயிரை அறுத்து, சாக்கடையில் உருட்டினார்கள். அப்போது அவள் வயிற்றில் இருந்தவள்தான் புஷ்பவல்லி.

"அவரு அப்படிப்பட்டவரு இல்லடி," என்பாள் பவுனம்மாள். வாய் திறந்தால் அது ஒன்றுதான்.

"சரி, அப்பா பேரு என்னா?"

"தொரைன்னுதான்டி கூப்புடுவேன். பேரெல்லாம் நா எங்க கேட்டேன்."

பவுனம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் புஷ்பவல்லி கோலாலம்பூருக்கு ஓடினாள். பிரிக்பீல்ட்ஸில் சாலை வேலைக்கு ஜல்லி உடைத்தாள். ரயில்வே கூலி ஒருவனைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸில் குடியேறினாள். நல்ல மனுஷன், கை நீட்டாதவன். வயிற்றில் பிள்ளையும் தங்கியது. விட்டது சனி என்று நினைத்தாள். விடுமா? அதே தோட்டத்துச் சீதாலெட்சுமி பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தாள். குழாயடியில் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டாள்: "காட்டிக்கொடுத்தவன் பேரப்புள்ள பொறக்கப் போவுதாக்கும்?"

புஷ்பவல்லி பித்தளைக் குடத்தாலேயே அவள் வாயில் அடித்தாள். பல் தெறித்தது. விழுந்தவளை மறுபடி அடித்தாள். குடம் நசுங்கியது. நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரிக்க முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து நசுங்கிய குடத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. தனக்கு விழுந்த அடியெல்லாம் இந்தப் பிள்ளைக்கும் விழும். எத்தனை வாயைத்தான் உடைப்பது? அப்பன் உண்மையிலேயே காட்டிக்கொடுத்தானா என்று தெரிந்தாக வேண்டும். கொடுத்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கலாம்.

அந்த மனுவை எழுதியவர் கிள்ளான் கோர்ட்டுப் பக்கம் மேசை போட்டிருந்த பீர் முகம்மது என்று பவுனம்மாள் சொன்னது நினைவிருந்தது. மறுநாளே ரயில் ஏறினாள். மனுஷர் கிழவராகி, இன்னமும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது. மற்றக் கண்ணால் அவள் கண்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்ன தொரை புள்ளையா நீ?"

"ஆமா பாய். எங்கப்பா காட்டிக்கொடுத்தாரா?"

அவர் தகரப்பெட்டியைத் திறந்தார். மனு எழுதுகிறவர்கள் இரண்டு படி எழுதி, இரண்டிலும் கைநாட்டு வாங்கி, ஒன்றைத் தாங்களே வைத்துக்கொள்வது வழக்கம். அந்தப் படியை அவள் முன் விரித்தார். தாள் முழுக்க வட்டமாகப் பெருவிரல் ரேகைகள். பேர் இல்லை, முதல் ஆள் கடைசி ஆள் என்று இல்லை.

"தலைவன் யாருன்னு தெரியக்கூடாதுன்னுதான் வட்டம்," என்றார். "உங்கப்பாவும் பெருவிரல்தான் வைக்க வந்தாரு. வேலாயுதம் தண்டல் வுடல. 'கூலிக்காரன் மாதிரி தொரை ரேகை வைக்கிறதா? மேல எடம் வுட்டிருக்கோம், பேரப் போடுங்க தொரை'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. எல்லாருமே அதத்தான் சொன்னாங்க. உங்கப்பா சிரிச்சாரு. 'எங்க ஊர்ல நெலத்துக்காரனுக்கு எதிரா எங்க தாத்தா மனுவுல கையெழுத்துப் போட்டவரு. அந்தக் கையெழுத்த வுட்டா அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லிட்டுத் திருத்தமா எழுதுனாரு."

வட்டத்தின் தலையில், எல்லோருக்கும் மேலே, ஒரே ஒரு இங்கிலீஷ் கையெழுத்து. பீர் முகம்மது விரல் வைத்துப் படித்தார்: டெனிஸ் ஹெகார்ட்டி.

"ஆத்தோரமா ரெண்டு பேரும் வண்டியில வந்துக்கிட்டிருந்தோம். பெரிய தொரை ஆளுங்களோட வழிய மறிச்சான். தாளப் புடுங்கி விரிச்சுப் பாத்தான். 'நீதான் இவனுங்களுக்குத் தலைவனா'ன்னு பெரம்பால மூஞ்சியில அடிச்சான். வெறும் ரேகையா இருந்திருந்தா, கூலிங்ககிட்டருந்து புடுங்கிட்டு வரேன்னு சொல்லித் தப்பிச்சிருப்பாரு. ஆளுங்க மொதல்ல முட்டியப் பேத்தானுங்க. விழுந்தவரு தலையில போட்டானுங்க. போட்டுக்கிட்டே இருந்தானுங்க புள்ள. மூச்சு இருக்கும்போதே ஆத்துல தள்ளுனானுங்க. நடுவுல போன எனக்கு இந்தக் கண்ணு போச்சு. வாயத் தொறந்தா இன்னொண்ணும் போயிரும்னானுங்க. நா தொறக்கல."

புஷ்பவல்லிக்கு அழுகை வரவில்லை. தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். "தண்டலுக்கு இது தெரியுமா?"

"பொணம் ஒதுங்குனப்போ மண்ணப் போட்டு மூடுனதே அவருதான்."

அடுத்த நாள் விடியும்போது அவள் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் நின்றாள். ஆட்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். கிராணி இன்னும் வரவில்லை. வேலாயுதம் தலை நரைத்தும் தண்டலாகத்தான் இருந்தார். அவள் தாளை அவர் மூஞ்சிக்கு நேரே விரித்துப் பிடித்தாள். ஆற்றோரம் நடந்ததை எல்லோர் காதிலும் விழும்படி கத்திச் சொன்னாள். "மேல எழுத வச்சது யாரு? சொல்லு!"

வேலாயுதத்துக்குத் தாள் அடையாளம் தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று. "மரியாதைக்குத்தாம்மா செஞ்சோம்," என்றார். "என்னாலதான் செத்தாருன்னு தெரிஞ்சா ஆளுங்க என்ன வெட்டிப் போட்டிருப்பாங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி அவர் வாயில் அடித்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் தடுக்க வரவில்லை.

"எங்கம்மா தலைமயிர அறுத்தீங்க. என்னக் கல்லால அடிச்சீங்க. அவரு பேரச் சொல்லு. இங்க எழுதியிருக்கு. டெனிஸ் ஹெகார்ட்டி காட்டிக்கொடுக்கலன்னு சொல்லு!"

"சின்ன தொரை காட்டிக்கொடுக்கல."

"பேரு!"

மறுபடி அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் வழிந்தது. வேலாயுதம் இரண்டு கையையும் கூப்பினார். "அடிச்சே கொன்னுடும்மா. தொரைய எப்படிம்மா நா பேரு சொல்லிக் கூப்புடுவேன்?"

வேலாயுதம் பொய் சொல்லவில்லை. செத்தாலும் அந்தப் பேர் அந்த வாயிலிருந்து வராது. வாளியைத் தூக்கி எறிந்தாள். வரிசையைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்: "டெனிஸ் ஹெகார்ட்டி! அதான் எங்கப்பன் பேரு! எம்புள்ளையோட தாத்தன் பேரு!"

முன்வரிசையில் ஒருவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அடுத்தவனும் அவிழ்த்தான். அப்புறம் வரிசை மொத்தமும் அவிழ்த்து, தலை குனிந்து நின்றது. உயிரோடு ஒரு தொரை வந்து எதிரே நிற்பதுபோல் நின்றார்கள்.

"துண்டக் கட்டுங்கடா!" என்று அலறினாள் புஷ்பவல்லி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. "இந்த மரியாததான்டா அவரக் கொன்னுச்சு. கட்டுங்கடா தலையில!"

ஒருவரும் கட்டவில்லை.