அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் சுங்கை லாலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் அலோர் ஸ்டார் என்று ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். அந்த மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் குனிந்து உள்ளே போனேன்.

முன்மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

"இண்டர்வியூவா? இன்னைக்கா அக்கா? எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்கதானேம்மா போன் பண்ணீங்க?"

"ஐயோ, நானா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாரி அக்கா. முதலாளி பாலிங்குக்குப் போயிட்டாருலா. வந்துருவாரு. அதுக்குள்ள இந்த பாரத்தை நிரப்பிருங்க."

கோபித்துக்கொண்டு திரும்பிப் போகும் நிலைமையில் நான் இல்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. கையுறை ஆலை ஸ்டோரில் பன்னிரண்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கூடப் பிறந்தவர்கள் கிடையாது, கல்யாணமும் அமையவில்லை. சம்பளம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட எனக்கு வேண்டியிருந்தது, காலையில் "பசியாறிட்டியா?" என்று கேட்க நாலு பேர். சில நாட்கள் மத்தியானம் வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

பெயர், ஐ.சி. அட்டை எண், முகவரி என்று மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்திலும் கை நிற்கவில்லை. அம்மாவின் பெயர், அம்மாவின் போன் நம்பர், உறவு: தாய். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்றே தெரிந்தது. அந்த நம்பர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. டாப் அப் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் போன் அலமாரியில் அவருடைய சேலைகளுக்கு மேலே, சார்ஜ் குறையாமல் இருக்கிறது. ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பாரம் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே கொடுத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்க பாரத்தைப் பார்த்தீங்களா?"

"உங்க கையிலதானேம்மா கொடுத்தேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பெட்டி கையுறை குறைந்தாலும் நின்று பதில் சொன்னவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு புதுப் பாரம் வாங்கினேன். இந்த முறை அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அவள் விடவில்லை.

"இதையும் எழுதணும் அக்கா. காலியா விட்டா கம்ப்யூட்டர்ல ஏறாதுலா. யாராச்சும் ஒரு ஆள் போதும்."

யாராவது ஒருவர். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவைப் பார்த்தால் சிரிப்பேன், நம்பர் வாங்கியதில்லை. ஆலைத் தோழிகளில் ஒருத்தி ஜொகூருக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியிடம் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு ஒன்று ஆகிவிட்டது என்று போன் போனால், யாருக்கு என்றுதான் முதலில் கேட்பாள். மறுபடியும் அம்மாவையே எழுதினேன். இந்த முறை தெரிந்தே எழுதினேன்.

முதலாளி வந்தபோது மணி பன்னிரண்டரை. அறுபது வயதுத் தமிழ் முஸ்லிம் பெரியவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஊரிலுள்ள காகிதத்தையெல்லாம் குவித்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"லாரி எத்தனை வருசமா ஓட்டுறீங்க?"

"அது என் பாரம் இல்லை சார்."

அவர் இன்னொன்றை எடுத்தார். அது கடுகு மூட்டைக்கான பில். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டு, அவர் தலையாட்டுவதற்குள் பில்களைத் தனியாகவும் பாரங்களைத் தனியாகவும் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். தொலைந்துபோன என் முதல் பாரம் டீ கிளாசுக்கு அடியில் இருந்தது, வட்டமான கறையோடு.

"ரெண்டு பாரம் இருக்கே. ரெண்டு பேரா?"

"ரெண்டும் நான்தான் சார்."

அவர் சிரித்தார். படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"அம்மா உங்க கூடத்தான் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடத்தில் யாரை எழுதுவது என்று மறுபடி கேட்பார். "ஆமா சார்" என்றேன்.

"வயசானவங்க. தனியா விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்தா ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?"

"ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

அதற்குள் அவருக்குப் போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் போனவர்தான். அரை மணி நேரம் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பெண் வந்து, "சொல்றோம் அக்கா" என்றாள்.

ரயிலில் வரும்போது கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது. டீ கிளாசுக்கு அடியில் நான் இருந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கையில் போனை எடுத்து, பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பத்தாம் நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அலமாரிக்குள்ளிருந்து போன் அடித்தது. அம்மாவின் போன். ஏழு மாதமாக அந்த நம்பருக்கு யாரும் அழைத்ததில்லை. துணியைப் போட்டுவிட்டுப் போய் எடுத்தேன்.

"ஆண்ட்டி, அலோர் ஸ்டார் கம்பெனியிலேர்ந்து பேசறேன்." அதே பெண்தான். "உங்க மகளோட நம்பரைத் தப்பா ஏத்திட்டோம்லா, லைன் போக மாட்டேங்குது. அவங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்றீங்களா?"

நான்தான் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். 

"சொல்லிடறேன்மா" என்றேன்.

"மறந்துராதீங்க ஆண்ட்டி."

"மறக்க மாட்டேன்."

போனைச் சேலைகளின்மேல் திரும்ப வைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாயிற்று. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.