கீபோட்டுக்கு மட்டும் சுருதி இறக்கவில்லை

மாதா திருநாளின் தனிப்பாட்டு எனக்குத்தான் என்று ஒரு மாதம் பாடவைத்த பாட்டு மாஸ்ரர், அதைப் பறித்துத் தன் மனைவியின் தங்கைக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? "உன்ர குரல் காகம் கத்துற மாதிரிக் கிடக்கு," என்று பாடகர் குழு முழுவதற்கும் முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்தில் ஓலைக் கொட்டிலைக் கோவிலாக்கி இருந்த காலம் அது. பங்குச் சுவாமியின் அறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் ஓடினால்தான் அதற்கு உயிர். சுரங்களை எழுத்துகளாகத் தட்டினால் ஐந்து கோட்டு இசைத்தாளாக அச்சடித்துத் தரும் மென்பொருள் அதில் உண்டு. தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்றாம் நாளே மாஸ்ரர் என்னிடம் வந்து நின்றார். "பிள்ளை, மச்சாளுக்கு மேல்சுரம் எட்டுதில்லை. சுருதியை ரெண்டு படி இறக்கித் தாரும்."

தாரும்! என்ன மரியாதை பாருங்கள்.

"ஓம் மாஸ்ரர், அதுக்கென்ன," என்றேன்.

அந்த மென்பொருளில் ஒரு வரியை இறக்கினால் மற்றவை தாமாக இறங்கா. தனிக்குரல், குழுவின் குரல்கள், கீபோட் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டளையைத் தனித்தனியாக எழுதவேண்டும். பாடுகிறவர்களின் வரிகளுக்கெல்லாம் எழுதினேன். கீபோட்டுக்கான தாளில் எழுதவில்லை. மறதி ஒன்றுமில்லை, வேண்டுமென்றேதான். மாஸ்ரர் மச்சாளின் வரியை மட்டும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "வடிவாய்க் கிடக்கு," என்று போனார்.

கீபோட்காரர் திருநாளன்று காலையில்தான் மாங்குளத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒத்திகை பார்க்க நேரமில்லை. தன் தாளில் இருந்த பழைய சுருதியிலேயே வாசித்தார். மச்சாளும் அதையே பிடித்து முதலடியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். மேல்சுரம் வந்ததும் குரல் கிறீச்சிட்டு நின்றுபோனது. ஐயோ பாவம் என்று நினைத்தேனா? இல்லவே இல்லை. மனம் குளிர்ந்துபோனது.

பின்வரிசையில் எழுந்து நின்று, அவள் விட்ட இடத்திலிருந்து பாடினேன். மேல்சுரத்தில் வேண்டிய அளவுக்கு நின்றேன். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பூசை முடிந்ததும் மாஸ்ரர் என்னை வாசலில் மறித்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. "வேணுமெண்டுதானே செய்தனீ?"

"ஓம் மாஸ்ரர். பாலன் பிறப்புக்கு நத்தார்ப் பாட்டும் நான்தான் தட்டவேணும். யோசிச்சு ஆளைப் போடுங்கோ."