காளையை வளர்த்தவள் என் மகள்

சொந்தபந்தங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், அவளோடு படித்த பிள்ளைகளுக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து அவளைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. வருடத் திதி கொடுத்தாயிற்று. சாப்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தாவது பிரித்துப் படியுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதியதை மருமகள் பார்த்துச் சரிசெய்தாள். "மலர்ல எல்லாம் அவர், இவர்னுதான் அத்தை போடுவாங்க" என்றாள். பெற்ற பிள்ளையை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெயர் அட்டையில் இருக்கிறது. உள்ளே மகள் என்றே எழுதுகிறேன்.

மகன் பிறந்து பதினோரு வருடம் கழித்து, எனக்கு நாற்பது தாண்டி, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கிற எங்கள் வாழைக்கொல்லை வீட்டில் பிறந்தவள் மகள். ஊரில் சிரித்தார்கள். நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். அவள் காலேஜில் சேர்ந்த வருடம் அவள் அப்பா மணப்பாறைச் சந்தையிலிருந்து ஒரு மயிலைக் கன்று பிடித்து வந்தார். சாம்பல் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. ஆறு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மகன் குவைத்திலிருந்து போனில், "கன்னுக்குட்டிய வித்துடும்மா, யாரு பாக்கறது" என்றான். மகள் போனைப் பிடுங்கி, "நீயா சாணி அள்ளுற? போன வைண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து அது அவள் மாடு. விடிந்ததும் கொள்ளிடத்தில் தண்ணீர் இருந்தால் நீச்சல், இல்லாவிட்டால் மணலில் நடை. பருத்திக்கொட்டையும் தவிடும் அவளே கலந்து வைப்பாள். கொல்லையில் மண்ணைக் குவித்து மாட்டைக் குத்தப் பழக்கினாள். வேறு யார் போனாலும் சீறுகிற மாடு, அவள் வந்தால் கழுத்தை நீட்டிக்கொடுக்கும்.

இந்தச் சேதி எப்படியோ காளை வளர்ப்போர் பேரவைக்காரர்கள் காதுக்குப் போயிற்று. அவர்கள் வருடம் மூன்று பெண்பிள்ளைகளைப் பொறுக்கி, தலையில் கிரீடம் வைத்து, தோளில் குறுக்கே "காளையரசி" என்று எழுதிய பட்டை போட்டுவிடுவார்கள். ஜல்லிக்கட்டின் பெருமையைப் போகிற இடமெல்லாம் பேசுவது அந்தப் பிள்ளைகளின் வேலை. கல்யாணமாகாத பெண்ணாக இருக்க வேண்டும். மாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். மகளைக் கேட்டு வந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உத்தர வீதியில் நான் பால் ஊற்றுகிற வீடெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

காலேஜ், கடைத் திறப்பு, ஹோட்டலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்குச் சந்தனம் குங்குமம் என்று அவளைக் கூட்டிப்போகாத இடம் இல்லை. ஒரு வெள்ளைக்காரி, "மாடு குத்தாதா?" என்று ஆள் வைத்துக் கேட்டாளாம். "குத்தும். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க" என்றாளாம் மகள். கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் பேரவைச் செயலாளர் ஒருமுறை வீட்டு வாசலிலேயே, "தங்கச்சி, காருல வரும்போது கொஞ்சம் செண்டு அடிச்சிட்டு வாம்மா, மாட்டு வாசன வருது" என்றார். மாட்டைப் பற்றிப் பேசக் கூட்டிப்போகிறவர் சொன்ன பேச்சு அது. மகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் செண்டு எடுத்து வந்து கொடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் தையில் எங்கள் மாடு முதல் தடவையாக வாடிவாசலுக்குப் போனது. மார்கழிக் கடைசியிலேயே விழாக் குழுவில் மாட்டுக்காரர் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். மகளை அன்று பேரவைக்காரர்கள் எங்கோ கூட்டிப்போயிருந்தார்கள். நான் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "யார் பேருங்கம்மா?" என்றார். நான் மகன் பெயரைச் சொன்னேன். குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிற முருகேசன் பெயரை. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

விழா அன்று மகள் மேடையில் விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாட்டைக் கொண்டுபோய் மூக்கணாங்கயிறு அவிழ்த்துவிட்டது என் தம்பி. மாடு வெளியே வந்து நின்றது. நின்று விளையாடியது. ஒருத்தன் கை அதன் திமிலில் படவில்லை. மைக்கில், "ஸ்ரீரங்கம் முருகேசன் மாடுப்பா, தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு! முருகேசன் வளத்த வளப்ப பாரு!" என்று கத்தினார்கள். மேடையைப் பார்த்தேன். மகள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பிடிபடாத மாட்டுக்குப் பித்தளை அண்டா பரிசு. பரிசை எடுத்துக் கொடுப்பது காளையரசிகள் வேலை. முருகேசன் சார்பில் தம்பி மேடை ஏறினான். தான் வளர்த்த மாட்டுக்கு விழுந்த அண்டாவை மகள் தன் கையால் தூக்கித் தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிரீடத்தைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டாள்.

"பேரு குடுத்தது யாரும்மா?"

"நாந்தான்."

"என் பேரு உனக்கு மறந்து போச்சா?"

"கட்டிக் குடுக்க வேண்டிய புள்ளடி. மாட்டுக்காரின்னு மைக்குல கத்துனா எவன் வருவான்? ஊர்ல ஒத்துப்பாங்களா?"

"கிரீடம் வச்சு உக்காத்தி வச்சா மட்டும் வருவானாக்கும். நீ ஊர்ல கேட்டியா?"

அவள் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். திரும்பி வந்து, "அடுத்த தைக்கு என் பேருதான். நானேதான் கயிறு அவுப்பேன். மைக்குல என் பேரச் சொல்லணும், நான் அங்க நின்னு கேக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்டாவை ஒருநாளும் தொடவில்லை.

அடுத்த மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் செயலாளர் போன் பண்ணினார். "ஒரு மணி நேரம்மா. தங்கச்சி பேசக்கூட வேணாம், வந்து நின்னாப் போதும். பேனர்ல படம் போட்டாச்சு." போகாதே என்றேன். "பேரு எழுதுற நாள் வருது, இப்பப் போய் அவங்ககிட்ட முறைச்சுக்கணுமா?" என்று போனாள். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் திரும்பி வந்தவள் நேராகக் கட்டிலில் விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அங்கே ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். கடைசியாக நினைவோடு அவள் கேட்டது, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்பதுதான்.

எடுத்துப்போட்ட மூன்றாம் நாள் பேரவையிலிருந்து ஒரு ஆள் வந்தார். துக்கம் கேட்க வந்தார் என்று நாற்காலி போட்டேன். "கிரீடம் மட்டும் குடுத்தாப் போதும்மா. வேற புள்ளைக்கு ஞாயித்துக்கெழமை ஒரு விழா இருக்கு. பட்ட உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கொடுத்தேன். பட்டையையும் சேர்த்தே கொடுத்தேன். காரியத்துக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. பேனர் மட்டும் வைத்தார்கள். அதில் அவள் படத்தைவிட அவர்கள் படம் பெரிதாக இருந்தது.

துக்க வீடு என்பதால் அந்தத் தையில் மாடு அவிழ்க்கவில்லை. இப்போது வருகிற தைக்குப் பெயர் கொடுக்கப் போன வாரம் விழாக் குழுவுக்குப் போனேன். அதே மேஜை, அதே மனிதர். சண்டை போடவே தயாராகத்தான் போனேன். "என் மக பேர எழுதுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "இல்லாதவங்க பேர்ல எழுத முடியாதுங்கம்மா. மன்னிச்சுக்குங்க. உங்க பேர்ல எழுதட்டுமா?"

"பொம்பள பேர எழுதுவீங்களா?"

"தாராளமா எழுதலாமேம்மா. எடமலைப்பட்டி புதூர்லேருந்து ஒரு அம்மா வருசா வருசம் அவங்க பேர்லதான் விடுறாங்க. அன்னிக்கே நீங்க பாப்பா பேரச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேனே."

சண்டை போட அங்கே ஆள் இல்லை. கிரீடக்காரர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவள் பெயரை மறைத்தது அவர்களும் இல்லை, ஊரும் இல்லை. கேட்காமலேயே இருந்துவிட்ட நான்தான். கௌரவம் என்று நினைத்துச் செய்தேன். பின்னால் யாராவது வேறு மாதிரிச் சொல்லக் கூடாது என்றுதான் அச்சில் போடச் சொன்னேன்.

இனி நன்றி. ரத்தம் கொடுத்த பாலக்கரை பாய் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும், ஆஸ்பத்திரி வாசலிலேயே ஐந்து நாள் கிடந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பால் வாங்கியதற்கு மேலே சாதமும் ரசமும் கட்டிக் கொடுத்தனுப்பிய உத்தர வீதி மாமிக்கும், பேரவைக்குத் தெரியாமல் காரியத்துக்கு வந்து பாத்திரம் கழுவிய மற்ற இரண்டு காளையரசிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விட்டுப்போன பெயர்களை மறந்து விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாட்டை என் பெயரில்தான் எழுதியிருக்கிறார்கள். தை பிறந்ததும் நானே கயிற்றைப் பிடித்து நடத்திப்போய், நானே அவிழ்க்கப்போகிறேன். சொந்தங்கள் அவசியம் வர வேண்டும். மைக்கில் என் பெயரைச் சொல்லும்போது ஒருவரும் கைதட்டாதீர்கள்.