என் கார் பின்பக்கமாகத்தான் மேடேறும்

குளத்தூர்ப் பக்கம் எங்கள் வாழைத்தோட்டம் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கிருந்து தார்ரோட்டுக்கு ஏற ஒரு செம்மண் மேடுதான் வழி. மழை பெய்தால் அதில் ஆடுகூட வழுக்கும். என் சின்னக் காரின் பின்பக்கம் நிறைய ஏத்தன் வாழைக்குலைகளை அடுக்கி, ரிவர்ஸ் கியர் போட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஏறிவிடுவேன். மேலே போனதும் வண்டியைத் திருப்பி, களியக்காவிளை சந்தைக்கு விடுவேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டப் படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இதைத்தான் ஒழுங்காகப் படித்தேன்.

மேட்டின் உச்சியில் ஒரு சாயாக்கடை. காரின் பின்பக்கம் முதலில் எட்டிப் பார்த்ததும் பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு. என் மூத்த மகன் ஆபீஸ் போகுமுன் அந்தப் பெஞ்சில்தான் சாயா குடிப்பான். வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு விழுந்தாலும் தாங்கமாட்டான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கையை நீட்டினான்.

"சாவிய இஞ்ச தா அம்மா. வண்டிய விக்கப் போறேன்."

"எனக்க வண்டிய நீ எதுக்குலே விக்கிய?"

"ஊரே சிரிக்கிது. எல்லாருக்க வண்டியும் முகத்தக் காட்டி ஏறுது. உனக்கது குண்டியக் காட்டிட்டு வருது!"

"சிரிக்கியவனுக்கு வயசு கூடும். விடு மக்கா."

அவன் விடவில்லை. அப்போது என் மருமகன் நடுவில் வந்தார். மகளின் கணவர். கார்களுக்குப் பளபளப்பும் உறுமலும் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார்.

"மாமி, விக்க வேண்டாம். வண்டிக்கு புல்லிங் இல்ல, இழுக்கிய சக்தி போராது, அவ்வளவுதான். எஞ்சினுக்குக் காத்து போற வாசல் உண்டு, த்ராட்டில் பாடி. நாம பெடல மிதிச்சா அதுக்குள்ள ஒரு தகடு திறக்கும். அந்த வாசலக் கொஞ்சம் பெருசாக்கினா போதும், முகத்தக் காட்டியே பறந்து ஏறும்."

"ஓ! வீட்டு வாசலப் பெருசாக்கினா அரிசிப்பானை நிறையுமா மருமவனே?"

"மாமிக்கு எல்லாம் தமாசாக்கும்."

அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். குலையோடு வண்டி முகத்தைக் காட்டி ஏறினால் நான் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மகனே சந்தைக்கு ஓட்டுவான். ஏறாவிட்டால் சாவி எனக்கு, பழைய பாகத்தைத் திரும்ப மாட்ட வேண்டும், விற்பனைப் பேச்சே கூடாது. மகன் எனக்கு முன்னாலேயே தலையாட்டினான்.

மருமகன் வேறொரு த்ராட்டில் பாடியை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பெரிய தகடு போட்டு, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினார். முதல் நாள் முற்றத்தில் பெடல்மேல் காலை மெதுவாக வைத்தேன். வண்டி குதித்துப் போய்ச் செம்பருத்தி வேலியை முத்தமிட்டது.

"பாத்தியளா மாமி, பவரு!"

"பவரா, பயமா?"

நெய்யாற்றின்கரை ரோட்டில் அவரையே ஓட்டவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். பெடலில் கால் பட்டதும் வண்டி துள்ளியது. எனக்குக்கூடக் கொஞ்சம் குஷிதான். ஆனால் முழுக்க மிதித்தபோது பழைய வேகம்தான். லோடு ஏற்றிய டெம்போ ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"என்ன மருமவனே, டெம்போக்காரனும் வாசலப் பெருசாக்கினானோ?"

"அது... காத்து மட்டும் போராது மாமி. ஃபில்டர் மாத்தணும், சைலன்சர் மாத்தணும், கம்ப்யூட்டர்ல பெட்ரோல் கணக்க மாத்தணும்..."

"மாப்பிள்ளைக்குச் சட்டை மட்டும் மாத்தினா போதும்ணு சொன்னிய. இப்ப மாப்பிள்ளையையே மாத்தணுமா?"

அவர் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

மழை விட்ட ஒரு லீவு நாள் காலையில் பரீட்சை. குலைகளை ஏற்றினோம். மருமகன் ஸ்டீயரிங்கில். மகன் பக்கத்தில் நடந்து வந்தான், சாவி இப்போதே கைக்கு வந்துவிட்ட முகத்தோடு. சாயாக்கடைப் பெஞ்சு முழுக்க மேட்டின் விளிம்பில் நின்றது.

பாதி மேடுவரை வண்டி ஏறியது. அதற்குப் பிறகு உறுமல் மட்டும்தான் ஏறியது. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. மருமகன் இன்னும் மிதித்தார். சேறு எழுந்து மகனின் வேட்டி, சட்டை, மீசை எல்லாவற்றிலும் அப்பியது.

"நிறுத்துங்க மச்சான்! நிறுத்துங்க!"

மருமகன் இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"பிடி இல்ல மாமி. பாரம் முழுக்கப் பின்னால. இழுக்கியது முன்சக்கரம். அதுக்க மேல கனம் இல்ல."

"அதனாலதான் நான் திரும்பி ஏறுவேன். கனம் முன்சக்கரத்துக்க மேல சாயும்."

"முதல்லயே சொல்லப்பிடாதா?"

"கேட்டவன் ஆரு? எல்லாரும் சிரிக்கத்தானே வந்திய!"

வண்டியைக் கீழே இறக்கித் திருப்பினேன். ரிவர்ஸ் போட்டேன். அந்தப் பெரிய வாசல் காரணமாக வண்டி விக்கி விக்கித்தான் நகர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் மட்டும் மிதித்து ஏற்றினேன். மேலே பெஞ்சுக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார். ஆரனை அழுத்தினேன், அவர் வாயை மூடும்வரை.

மகன் சேறு சொட்ட மூச்சிரைத்து வந்து சேர்ந்தான். பழக்கதோஷத்தில் சாவிக்குக் கை நீண்டது.

"எதுக்குலே கைய நீட்டுத?"

"இல்ல... சந்தைக்கு நானும் வாறேன். குலை இறக்க ஆள் வேண்டாமா?"

"வா. ஆனா கோணிய விரிச்சிட்டு இரி. எனக்க சீட்ட அழுக்காக்காத. உச்சை வெயிலுக்கு முன்ன வருவோம் மருமவனே, பழைய வாசல எடுத்து வையிங்க, திரும்ப மாட்டணும்!"

சாவியைத் திருகினேன்.