அய்சுலு கேட்ட பத்து நிமிடம்

தேகு நகரத்தில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடம் ஒருமுறை ஒரு படிவம் தருவார்கள். கொரிய வாழ்க்கைக்கு எவ்வளவு பழகியிருக்கிறோம் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். 'கொரிய மாணவர்களோடு பழகுவது எனக்கு எளிது' என்ற வரிக்கு நான் நாலை வட்டமிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் அறைத்தோழி அய்சுலு எண்ணைத் தொடவே இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்: 'இதே கேள்வியை அவர்களிடமும் கேட்டீர்களா?'

"ஏன்டி வம்ப வெலைக்கு வாங்குற?" என்றேன்.

"கேக்காவ, சொல்லுதேன். இதுல என்னட்டி வம்பு?"

நான் மங்கோலியாக்காரி, அவள் கிர்கிஸ்தான். எங்களுக்குப் பொது மொழி கொரிய மொழிதான். என்னுடையது பாடப்புத்தகத்துக் கொரியம். அவளுடையது தேகு சந்தைக் கொரியம்.

அது அவளுக்கு வந்த விதம் அப்படி. இருபத்திரண்டு வயதில் மொழிப் பயிற்சிக்கு வந்தவள், மூன்றாம் நிலை மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். இன்னொரு முறை தோற்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் பழைய சந்தையில் ஒரு மாட்டிறைச்சி சூப்புக் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இலக்கணம் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. ஆர்டரைத் தப்பாகக் கேட்டால் திட்டு விழும். திட்டு புரிய ஒரு மாதம் ஆயிற்று, திருப்பித் திட்ட இன்னொரு மாதம். மூன்றாம் தடவை தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். நகர நிர்வாகப் பிரிவில் இடமும் கிடைத்தது. வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் மட்டும், சியோலிலிருந்து வந்த பையன்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வருடம் பேராசிரியர் மா ஒரு குழு வேலை கொடுத்தார். பழைய சந்தையில் கடைகள் ஏன் மூடப்படுகின்றன என்று ஆராய வேண்டும். அய்சுலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நானும் அதே வகுப்புதான், வேறு குழு. அவள் குழுவில் நாலு பேர். தலைவன் தோயுன், இருபத்தொரு வயது, கெட்டிக்காரன். ஆனால் பத்து நாளாகியும் குழு அரட்டையில் ஒரு செய்தி கூட இல்லை. வகுப்பு முடிந்ததும் அவளே போய்க் கேட்டாள்.

குழுவில் இருந்த சேரிம் என்ற பெண் உளறிவிட்டாள். "முந்தாநாளே குரூப்ல முடிவு பண்ணிட்டோமே அக்கா... நீங்க பாக்கலியா?"

அவளைச் சேர்க்காமல் வேறொரு குரூப் இருந்தது.

தோயுன் அசடு வழிந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அறிக்கையெல்லாம் எழுதணும், உங்களுக்குக் கஷ்டம். உங்க பேர நாங்க போட்டுடறோம். எல்லாருக்கும் ஒரே மார்க்தான். வகுப்புல பேசற அன்னிக்கு வரும்போது காபி மட்டும் வாங்கிட்டு வாங்க."

எங்கள் அறையில் எத்தனையோ வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இந்தச் சலுகையைப் பற்றி நிம்மதியாகப் பேசியிருக்கிறார்கள். நானும் இரண்டு முறை காபி வாங்கிக்கொண்டு போனவள்தான். அய்சுலு முகம் சிவந்துவிட்டது.

"என் பேர எடுத்துருப்பா. உழைக்காத மார்க்க நீயே வச்சுக்கோ."

நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். "தனியா செய்யுதேன் சார். கடைசி நாள் பேசப் பத்து நிமிசம் குடுங்க, போதும்."

"குழு வேலைம்மா இது. தனியா செஞ்சா கூட்டா உழைக்கறதுக்கான மார்க் போயிடும்."

"போவட்டும் சார்."

அடுத்த மூன்று வாரமும் வகுப்பு முடிந்ததும் சந்தைக்கு ஓடினாள். முப்பத்தொரு கடை. ஊறுகாய்க்காரம்மாவோடு முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்டாள், காலுறை விற்பவரோடு மூட்டை தூக்கிக்கொண்டே கேட்டாள். ஒலிப்பதிவை அறையில் திரும்பத் திரும்பப் போட்டு எழுதினாள். நான் பாதி புரியாமல் விழித்தேன்.

கடைசி நாள் வந்தது. தோயுன் குழுதான் முதலில் பேசியது. இணையத்தில் இருநூறு பேரிடம் கேட்டிருந்தார்கள். சந்தைக்குச் சுவரோவியமும் புகைப்படம் எடுத்துக்கொள்ள ஓரிடமும் வேண்டும் என்றார்கள். நல்ல கைதட்டல்.

அய்சுலு எழுந்து, "சந்தைக்காரவுக என்ன சொல்லுதாவன்னா..." என்று தொடங்கியதும் பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. அது முன்வரிசை வரை பரவியது. அவள் நிறுத்தினாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சிரிச்சு முடிங்க. நான் நிக்கேன்."

ஓய்ந்தது. பேராசிரியர் மெதுவாக, "பொது வழக்குல சொல்ல முடியுமாம்மா?" என்றார்.

"முடியும் சார். ஆனா அவுக இப்படித்தான் சொன்னாவ. மாத்துனா அது என் பேச்சாயிரும், அவுக பேச்சா இருக்காது."

பிறகு வாசித்தாள். "ஊறுகாய்க் கடை, அறுபத்தெட்டு வயசு. 'காலைல ஏழு மணிக்கு வாரேன். சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். கழிப்பறை மூணாம் மாடியில, மூட்டுவலி. அதையும் ஆறு மணிக்குப் பூட்டிருதாவ. அப்புறம் நான் எப்படிக் கடைய ஒம்பது வரைக்கும் தொறந்து வைக்க?'" முப்பத்தொரு கடைகளில் பத்தொன்பது இதையே சொல்லியிருந்தன. சுவரோவியம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

சேரிம்தான் முதலில் கையைத் தூக்கினாள். "அக்கா, சாவி யார்கிட்ட இருக்கு?" அதற்குப் பிறகு கேள்விகள் தொடர்ந்து வந்தன. பத்து நிமிடம் அரைமணியாயிற்று.

மதிப்பெண் வந்தபோது தோயுன் குழுவுக்கு ஏ, அவளுக்கு பி பிளஸ். என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"கூட்டா உழைக்கறதுக்கான மார்க் போனது தெரியும் சார். இன்னும் கொறஞ்சிருக்கே, எதுக்கு?"

"மார்க் போடற படிவத்துல, பேச்சு கேக்கறவங்களுக்குப் புரியணும்னு ஒரு வரி இருக்கும்மா. உன் பேச்சு வழக்கு..."

"யாருக்குப் புரியல? இருவத்தெட்டு பேரும் சிரிச்சாவளே சார், புரியாமயா சிரிச்சாவ?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். திருத்தப்பட்ட பட்டியலில் ஏ மைனஸ் என்று இருந்தது. கூட்டு உழைப்புக்கான மார்க் போனது போனதுதான். அதை அவள் கேட்கவுமில்லை.

அறிக்கையைச் சந்தைச் சங்கத்திடம் கொடுத்தாள். அவர்கள் கையெழுத்து வாங்கி மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். இப்போது எட்டு மணி வரை கழிப்பறை திறந்திருக்கிறது. ஒன்பது வரை வேண்டும் என்று இன்னும் மனு போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறக்குவது அடுத்த சண்டையாம்.

அடுத்த பருவத்தில் குழு பிரிக்கிற அன்று தோயுன் எங்கள் மேசைக்கு வந்து நின்றான். "அக்கா, எங்களோட வரீங்களா?"

அய்சுலு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாரேன். தலைவர் நாந்தான். அரட்டை குரூப்பு ஒண்ணுதான். சம்மதமா?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.