காசு கொடுத்து வாங்கிய பல்லிகள்

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் மீனாக்ஷி பல்லி வளர்க்கிறாள் என்ற செய்தி மான்மவுத் ஜங்ஷன் வரை போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொண்டுபோனவள் அங்கே குடியிருக்கும் விஷாகா, மீனாக்ஷியின் கொழுந்தன் மகாதேவனின் மனைவி. அவளையும் குறை சொல்ல முடியாது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவள் ஹால் சுவரில் ஒரு பல்லியைக் கண்டாள். திருச்சியில் பிறந்து வளர்ந்தவள், யோசிக்காமல் விளக்குமாற்றைத் தேடி எடுத்துவிட்டாள்.

"அக்கா, நியூ ஜெர்சியில ஏது பல்லி? உடனே பெஸ்ட் கன்ட்ரோலுக்கு கால் பண்ணுங்க."

"அடிச்சிடாத விஷாகா. அது என்னுது. டேங்க்லேர்ந்து நழுவி வந்துடுச்சு. காசு குடுத்து வாங்கினது."

காசு கொடுத்து என்ற வார்த்தையில்தான் விஷாகாவுக்குத் தலை சுற்றியது. ஊரில் விரட்டி அடிக்கிற ஜந்துவை இங்கே கடையில் வாங்குவார்களா? குடும்ப வாட்ஸப் குழுவில் அன்று மாலையே விஷயம் வெளியானது. டெக்ஸாஸிலிருந்து மீனாக்ஷியின் மகள் எழிலரசி மட்டும், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். மற்றவர்கள் கேட்கவே இல்லை, தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

மீனாக்ஷிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரைகளைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்து, கெட்டுப்போகிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பது அவள் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி காலையில் கணவர் சதாசிவம் டிரைவ்வேயில் பனி அள்ளிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

அன்று தொடங்கியது அவளுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுத்த துக்கம். அவளுடைய துக்கம் அவளுக்குத் தெரியும், அதை யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் விடவில்லை. விஷாகா வீட்டுக் கொலுவுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஹாலில் குங்குமம், மஞ்சள், ரவிக்கைத் துணி. மீனாக்ஷியை மட்டும் கிச்சனுக்குக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன் அக்கா" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுண்டல் கொடுத்தாள் விஷாகா. அதைப் பிரியமாகத்தான் கொடுத்தாள். மீனாக்ஷிக்கு அந்தப் பிரியத்தை நினைத்தால்தான் இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

துணைக்கு நாய் வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும் பிராணி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. லேபில் கூட வேலை செய்கிறவள் சொல்லி, ஒரு சனிக்கிழமை ஊர்வன விற்கும் எக்ஸ்போவுக்குப் போனாள். கூட்டமெல்லாம் புள்ளிபோட்ட லெப்பர்ட் கெக்கோவையும் தாடி வைத்த ஓணானையும் மொய்த்தது. ஓரத்து மேசையில் விரல் நீளத்தில், பழுப்பு நிறத்தில் சில பல்லிகள் இருந்தன. ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

விற்கிறவன் விவரம் சொன்னான். இந்த இனத்தில் அநேகமாக எல்லாமே பெண். ஆண் துணையில்லாமலே முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். அதன் சத்தத்தைக் கேட்டவர்கள், ஆண் இல்லாத ஏக்கத்தில் அழுகிறது என்று நினைத்துத் துக்கப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

மீனாக்ஷிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதுபாட்டுக்குச் சாப்பிட்டு, முட்டையிட்டு, கூட்டமாக வாழ்கிறது. அது துக்கப்படுகிறது என்று இவர்களிடம் வந்து சொன்னதா? அங்கேயே மூன்று வாங்கினாள். கண்ணாடித் தொட்டி, செடிகள், பழக்கூழ்ப் பொடி, இறக்கையில்லாத குட்டி ஈக்கள் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. வெப்பமும் ஈரப்பதமும் பார்ப்பது அவளுக்குப் புதிதா என்ன? ஏழாவது மாதம் தொட்டியில் ஒன்பது பல்லிகள் இருந்தன.

வாட்ஸப் அமளி நடந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் இருட்டு ஐந்து மணிக்கே இறங்கிவிட்ட நேரத்தில், மகாதேவனும் விஷாகாவும் வந்தார்கள். அவன் கையில் ஒரு ஃபோல்டர் இருந்தது. வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவன் நான்கு வருடமாகச் சொல்லிவருகிறான். இந்த முறை வீடு விற்றுத்தரும் ரியல்டர் தந்த அக்ரிமென்ட்டையே கொண்டுவந்திருந்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு பெட்ரூம் வீட்டுல நீங்க ஒருத்தர், இப்ப பல்லி வேற. வெளியில என்ன பேசுறாங்க தெரியுமா? எங்க பேஸ்மென்ட்டை ஃபினிஷ் பண்ணியாச்சு. தனி பாத்ரூம் இருக்கு. ஒரு சைன் பண்ணுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பல்லியை என்ன பண்றது?"

"அதை யாருக்காவது குடுத்துடலாம் அண்ணி."

மீனாக்ஷி ஃபோல்டரை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"இந்த வீட்டை நான் விக்கப் போறதில்ல தம்பி. உங்க பேஸ்மென்ட்டுக்கும் வரப் போறதில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, தொட்டிக்குள்ளிருந்து ஒரு பல்லி உச் உச் உச்சென்று சத்தம் கொடுத்தது.

மகாதேவனின் ஆள்காட்டி விரல் மேசையை மூன்று முறை தட்டியது. ஒருவர் பேசும்போது பல்லி சொன்னால் பேசியது பலிக்கும், கேட்டவர் தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவன் வீட்டு வழக்கம். இருபத்தைந்து வருட அமெரிக்காவால் அந்த விரலை ஒன்றும் செய்ய முடியவில்லை. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

"பல்லி சொல்லிடுச்சுங்க" என்றாள் விஷாகா, குரலைத் தாழ்த்தி.

மகாதேவன் அசடு வழியச் சிரித்தான். "சரி அண்ணி. பல்லியே சொன்னதுக்கப்புறம் நான் என்ன சொல்றது? அந்தப் பேச்சை விட்டுடலாம்." ஃபோல்டரை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வேறு யாராவது என்றால் பிழைத்தோம் என்று வழியனுப்பி வைத்திருப்பார்கள். கேட்டது கிடைத்துவிட்டதே. மீனாக்ஷி அந்த ரகமில்லை.

"உட்காருங்க தம்பி."

அவன் உட்கார்ந்தான்.

"அது பக்கத்துல இருக்கிற பல்லியைக் கூப்பிட்டுச்சு, அவ்வளவுதான். என் வீட்டைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? நாலு வருஷமா நானும் இதையேதான் சொல்றேன். பல்லி ஒரு தடவை சொன்னதுக்கு மேசையைத் தட்டிட்டீங்க. நான் சொன்னதுக்கு ஒரு நாளாவது தட்டினீங்களா?"

விஷாகா தலையைக் குனிந்துகொண்டாள். மகாதேவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டை விக்க வேண்டாம் அண்ணி" என்றான் கடைசியில்.

"யார் சொல்லி?"

மீனாக்ஷி அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க சொல்லி."

அதற்குப் பிறகுதான் அவள் காபி போட எழுந்தாள்.