காருக்குப் போர்த்திய கம்பளி

என் பழைய காரை உங்களுக்குத் தெரியும். அதன் தும்மலையும் இருமலையும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை பாடியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அது மூச்சையே நிறுத்திவிட்டது...

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வேலாயுதமும் அவர் மனைவி லெட்சுமியும் குடியிருக்கிறார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன வருஷம் கப்பலேறி வந்தவர்கள். இங்கேயும் தேயிலைதான். லெட்சுமியின் அக்கா இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறாள். சர்க்கார் அவளுக்கு ஒதுக்கியதோ கர்நாடகத்தில் ஒரு ரப்பர் தோட்டம்! சிலோனிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் கேம்ப்பிலிருந்து அவள் போகிற ரயில் ஞாயிறு மத்தியானம் கோயமுத்தூரில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அக்காவுக்கும் தங்கைக்கும். அதை விட்டால் எப்போதோ?

"கவலையே வேண்டாம், என் காரிலேயே போய்விடலாம்" என்று சனிக்கிழமை மார்தட்டினேன்.

மறுநாள் காலை புல்நுனியெல்லாம் உப்புத் தூவியது போல் உறைபனி. கார் முனகிக்கொண்டே எழுந்தது. பின்னால் கரும்புகை. பர்லியார் வரை பிரச்சினை இல்லை — இறக்கத்தில் கட்டை வண்டியும் ரேஸ் கார்தானே? கல்லாறு தாண்டித் தரை சமமானதும் குட்டு வெளிப்பட்டது. குலுங்கியது, செருமியது... நல்ல வேளை, மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் அருகில் நின்றது.

முன் சீட்டில் என் பக்கத்தில் வேலாயுதம், பின் சீட்டில் லெட்சுமி. மடியில், துணியில் சுற்றிய தேங்காய் ரொட்டி. ரொட்டியில் இன்னும் சூடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி பெட்ரோலாக் குடிக்குது. காத்து பத்தலீங்க."

"மலையில காத்து கம்மிதானே?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"அதான் மலைய விட்டு எறங்கிட்டீங்களே! இங்கயுமுங்களா கம்மி?"

கார்புரேட்டரில் ஒரு திருகு. பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட்... இரண்டு இருமல், மறுபடி அதே புகை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கார்தான் ஓடவில்லை.

கடைசியில் ஏர் ஃபில்டரில் கை வைத்தார். அதன் மூக்குக்குள் விரலை விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது — கம்பளி! சாம்பல் நிறம், சிவப்புக் கரை.

"ஏனுங்க, காருக்கு ஜலதோஷமுங்களா?"

வேலாயுதத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"நாந்தாங்க ஐயா... அங்க தோட்டத்து லொறிக்குப் பனிக்காலத்துல அந்தியானா சாக்குப் போத்துவோம். இல்லாட்டி காலையில கெளம்பாது. நேத்து இதுக்கும் போத்துனேன். மூடியத் தூக்குனா இந்த ஓட்டை. பனி உள்ள பூந்துருமேன்னு அடைச்சேன். காலையில சாக்க எடுத்தேன், இத மறந்துட்டேன்."

"போத்திக்கிற கம்பளியவா கிழிச்சீங்க? அதான் ராவெல்லாம் நடுங்குனீங்களா?" என்றாள் லெட்சுமி. "மூக்கப் பொத்துனா மனுசன் பொழைப்பானா?"

கோபமா, அழுகையா? எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு கார் பறந்தது. கோயமுத்தூரில் ரயில் நின்றுகொண்டிருந்தது. லெட்சுமி ஜன்னல் ஜன்னலாக "அக்கா... அக்கா..." என்று ஓடினாள். தூரத்தில் ஒரு பெட்டியிலிருந்து கை ஒன்று வெளியே நீண்டது. ரொட்டி உள்ளே போனது. கம்பிகளுக்கு நடுவே விரல்கள் பின்னிக்கொண்டன.

வண்டி நகரும்போதுதான் அக்கா கேட்டாள்: "மலையில ரொம்பக் குளிராமே தங்கச்சி... போத்திக்க இருக்கா?"

லெட்சுமி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரயிலோடு நடந்தபடியே சிரித்தாள்.

"இருக்குக்கா. காருக்கே போத்துறோம்னா பாத்துக்கயேன்!"

வேண்டியவர்களுக்கு நாமும் இப்படித்தானே போர்த்திவிடுகிறோம்? குளிருமே என்ற பதற்றத்தில், மூச்சுவிட இடம் வைக்க மறந்து...

கம்பளியைத் தைத்தாகிவிட்டது. பெட்ரோல் வாசனைதான் போகவில்லையாம். இன்று அந்தியிலும் வேலாயுதம் காருக்குச் சாக்குப் போர்த்தினார் — மூக்கை மட்டும் விட்டுவிட்டு.